தண்ணீர் விடுபவரின் மகள் கேட்ட புத்தகம்

தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த மகள், பெங்களூருக்குத் திரும்பிப் போகும் நாளன்று என் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, அதில் ஒரு புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். "படிக்க நேரமில்லைன்னுதானே சொல்றீங்க, கேட்டுப் பாருங்கம்மா" என்றாள். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் மனைவி மிஷெல் ஒபாமாவின் 'பிகமிங்' என்ற தன்வரலாறு அது. 2018 நவம்பரில் அச்சில் வந்தபோதே ஒலிப்புத்தகமாகவும் வந்தது. முழுவதையும் அவரே வாசித்திருக்கிறார். ஏறத்தாழ 19 மணி நேரம் ஓடுகிறது. 2020இல் அந்த வாசிப்புக்குக் கிராமி விருதும் கிடைத்திருக்கிறது.

பல்லடத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து கோவைக்குப் போய், ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துவிட்டுத் திரும்புவதில் தினமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் எனக்குப் பேருந்திலேயே கழிகிறது. சூலூர் தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காத நாள்களே அதிகம். தனியார் பேருந்துகளில் எண்பதுகளின் பாட்டுகள் கூரை அதிரும்படி ஒலிக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில் சிகாகோக்காரர் ஒருவரின் ஆங்கிலத்தைப் பின்தொடர்வது எளிதாக இருக்கவில்லை. என்னுடையது படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். கேட்டுப் பழகிய ஆங்கிலம் அன்று. சொன்னதையே இரண்டு முறை, மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது, ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது.

ஊக்கமூட்டும் வாழ்க்கைக் கதைகள் என்றாலே எனக்குச் சற்றுத் தள்ளி நிற்கத் தோன்றும். 'தன்னம்பிக்கை' என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் வெளிவந்த ஊர் கோவை. வெறுங்கையோடு வந்து, இரண்டு விசைத்தறி போட்டு, பிறகு பின்னலாடைத் தொழிற்சாலை கட்டிய கதையைக் கல்யாண மண்டப மேடைகளில் சொல்லும் பெரியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் என்றுமே பஞ்சமில்லை. அவர்கள் பட்ட பாடு உண்மையானதுதான். ஆனால் அந்தக் கதைகளில் ஒவ்வொரு தோல்வியும் அடுத்த வெற்றிக்குப் படிக்கட்டாகவே வந்து நிற்கும். எதற்கும் படிக்கட்டாகாமல் போன தோல்விகளை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன். நேரத்தை மிச்சப்படுத்த ஒன்றேகால் மடங்கு வேகத்தையும் வைத்துக்கொண்டேன்.

முன்னுரையைத் தாண்டி முதல் இயலுக்கு வந்ததும், அந்தப் புத்தகம் ஓசையில் தொடங்குவதைக் கவனித்தேன். சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில், பாட்டி முறை உறவினர் ஒருவரின் வீட்டு மாடியில் மிஷெலின் குடும்பம் குடியிருந்தது. கீழ்த்தளத்தில் அந்த மூதாட்டி, ராபி என்பவர், பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் தட்டித் தடுமாறி வாசித்த பிழையான இசைதான் தரைப் பலகைகளின் வழியே மேலேறி, தம் பிள்ளைப் பருவத்தின் ஓசையாக இருந்தது என்கிறார். காதால் வாழ்ந்த ஒரு சிறுமியின் நினைவைக் காதால் கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இதையே அச்சில் படித்திருந்தால் ஒரு நல்ல தொடக்கம் என்று மெச்சிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

வேகத்தைக் குறைத்தது அவருடைய தந்தையின் கதை வந்தபோது. பிரேசர் ராபின்சன் சிகாகோ நகரத்தின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கொதிகலன்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நரம்பு மண்டலத்தை மெல்ல மெல்ல அரிக்கும் ஒரு நோய் இளம் வயதிலேயே அவரைப் பிடித்திருந்தது. முதலில் ஒரு கைத்தடி, பிறகு ஊன்றுகோல்கள் என்று உடல் தளர்ந்துகொண்டே போனபோதும், அவர் வேலைக்குப் போகாமல் இருந்த நாள் அரிது. அந்த இடத்தில் பேருந்து சிங்காநல்லூர்ச் சந்திப்பில் நின்றிருந்தது. நான் கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தந்தையும் தண்ணீர் விட்டவர்தான். எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு நீரேற்றி, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. அரசு ஏட்டில் அவர் டேங்க் ஆபரேட்டர். ஊர் வாயில் 'தண்ணி விடறவர்'. ஊரின் நான்கு வீதிகளுக்கு நான்கு வால்வுகள். குறுக்குப் பிடி போட்ட நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளின் நடுக்கம்பியில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டு போவேன். மண்ணுக்குள் பதித்த தொட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, சாவியை இறக்கித் திருகும்போது, குழாய்க்குள் முதலில் காற்று இரையும். பிறகு ஒரு செருமல். அதன் பிறகுதான் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டாலும் புகையாகப் பறக்கும் பூமி. நாள் தவறித் தண்ணீர் வந்தால் திட்டு வாங்குபவர் தலைவரல்லர், என் தந்தைதான்.

அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது, எங்களோடுதான் இருக்கிறார். அன்று பொழுதோடு வீடு திரும்பியதும், சிகாகோவின் பிரேசர் ராபின்சனைப் பற்றி அவரிடம் சொன்னேன். சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டே கேட்டவர், "அவருக்குப் பாய்லரா? நமக்கு வால்வு" என்றார். சித்தெ நேரம் கழித்து, "ஏன் அம்மிணி, அந்த ஊர்ல தெனமும் தண்ணி வருமா?" என்று கேட்டார்.

"வருமுங்கப்பா. கடலாட்ட ஒரு ஏரி இருக்குதுங்க. அதுலருந்துதான் எடுக்கறாங்க."

"அப்பறம் என்ன வெசனம் அவருக்கு!" என்றார்.

அதன்பின் நாள்தோறும் மாலையில், அன்று கேட்ட பகுதியை அவருக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பிரேசர் ராபின்சன் கட்சிப் பொறுப்பாளராகவும் இருந்து, ஓய்வு நாள்களில் வீடு வீடாகப் போய், குப்பை அள்ளவில்லை, பனியை ஒதுக்கவில்லை என்று மக்கள் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதையும், கூடப்போன சிறுமிக்கு அது சலிப்பாக இருந்தது என்பதையும் சொன்னேன். "நீயும் அப்படித்தான், சைக்கிள்ல உக்காந்துட்டுப் போலாம் போலாம்னு நொச்சு பண்ணுவ" என்றார்.

பியானோ அரங்கேற்றக் கதைதான் அவருக்கு மிகவும் பிடித்தது. ராபியின் வீட்டுப் பியானோ பழையது. அதன் கட்டைகள் சில மூளி. நடுச் சுரத்துக்குரிய கட்டை எது என்பதை, அந்த மூளியை அடையாளமாக வைத்துத்தான் சிறுமி கண்டுபிடித்து வாசிக்கப் பழகியிருந்தாள். அரங்கேற்ற நாளில், நகரத்து மண்டபத்தில் அவள் முன்னே இருந்ததோ பளபளக்கும், ஒரு கீறல்கூட இல்லாத பியானோ. எல்லாக் கட்டைகளும் ஒன்றுபோல் இருந்தன. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவள் உறைந்து உட்கார்ந்திருந்தபோது, கண்டிப்புக்குப் பெயர்போன ராபி எழுந்து மேடைக்கு வந்து, அந்த ஒரு கட்டையின் மேல் மெல்ல விரலை வைத்துக் காட்டினார். இந்தக் கதையைத் தேர்ந்த மேடைப் பேச்சாளர் ஒருவர் சொல்லியிருந்தால், வசதியற்ற பிள்ளைகளுக்குச் சரியான கருவி கிடைத்தால் என்று அரை மணி நேரம் நீட்டியிருப்பார். என் தந்தை சொன்னது வேறு: "புது வால்வு மாத்துனப்ப எனக்கும் அதே கதைதான். பழசு மூணு சுத்துக்கு அப்பறம் ஒரு எடத்துல இறுகும், அங்க நிறுத்துனா கணக்கு. புதுசு வழுக்கீட்டே போகுது. ஒரு வாரம் வீதிக்கு வீதி எச்சும் கம்மியுமா உட்டுட்டுத் திட்டு வாங்குனேன்."

புத்தகத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் வேறொன்று. பத்து வயதளவில், உறவுக்கூட்டம் ஒன்றில் தூரத்துச் சொந்தக்காரச் சிறுமி ஒருத்தி மிஷெலைப் பார்த்து, நீ ஏன் வெள்ளைக்காரப் பெண்போலப் பேசுகிறாய் என்று கேட்டுவிடுகிறாள். பெற்றோர் இருவரும் சொற்களை முழுமையாக, திருத்தமாக உச்சரிக்க வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தி வளர்த்ததன் விளைவு அது. கேட்டவள் குத்திக்காட்டத்தான் கேட்டாள். இவருக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை. சரியாகப் பேசக் கற்பது, தன்னவர்களை விட்டு விலகிப்போவதாகத் தன்னவர்களுக்கே தோன்றுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு ஏழாம் வகுப்பு நினைவு வந்தது. பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக வந்திருந்தவர், பரிசு அறிவிப்பதற்கு முன் என்னை எழுப்பி நிறுத்தி, "பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடுவது மேடைத் தமிழாகாது" என்றார். அரங்கமே சிரித்தது. அன்று முதல் மெனக்கெட்டு அந்த 'ங்க'வை உதிர்த்தேன். மேற்படிப்பு முடித்து ஊருக்கு நோம்பிக்கு வந்தபோது, என் அத்தை மகள் ஒட்டுக்கா உட்கார்ந்திருந்த எல்லோர் முன்னிலையிலும், "என்ன அம்மிணி, புஸ்தகமாட்டப் பேசற?" என்றாள். அப்போதும் சிரித்தார்கள். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. மேடையில் சிரித்தவர்களுக்காக உதிர்த்ததை வீட்டில் சிரித்தவர்களுக்காகத் திரும்ப ஒட்டவைக்க முடியவில்லை. இப்போது தந்தையிடமும் பெரியவர்களிடமும் மட்டும் அது தானாக வருகிறது.

ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி, அதைத் தம் குரலிலேயே வாசிக்கும்போது, எந்த மொழியில் வாழ்ந்தாரோ அந்த மொழியும், எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியும் ஒரே வாயில் சந்திக்கின்றன. மிஷெல் ஒபாமாவின் வாசிப்பில் அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் குறைவு. தாயும் உறவினரும் பேசும் இடங்களில் குரல் சற்றுத் தளர்ந்து வீட்டுக்குள் போய்விட்டு வருவதாக என் காதுக்குப் பட்டது. ஆனால் எழுதிய வாக்கியத்தை அப்படியே வாசித்தாலும் ஆங்கிலத்தில் அது பேச்சாகவே ஒலிக்கிறது. தமிழில் அப்படி இல்லை. நாம் வாழ்வது ஒரு தமிழில். எழுதுவது இன்னொரு தமிழில். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தமிழில் என் வீட்டில் யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதியது தம் கடைசி ஆண்டுகளில். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, அவர் மறைவோடு முற்றுப்பெறாமல் நின்றுபோனது. எங்கள் கொங்கு மண்ணில், காவிரிக் கரை மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை 'என் கதை' எழுதினார். இரண்டுமே மாணவர்களுக்கு நான் விரும்பிப் பரிந்துரைக்கும் நூல்கள். அவற்றை எழுதியவர்களே வாசித்து நாம் கேட்க முடிந்தால், ஐயரின் குரல் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நாள்களைச் சொல்லும் இடத்தில் எந்தத் தமிழுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1942இல் வெளிவந்த ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் கொங்குப் பேச்சை அச்சில் ஏற்றி வைத்தது. ஆனால் அதிலும் பேசுகிறவர்கள்தாம் கொங்கில் பேசுவார்கள், கதை சொல்லுகிறவர் பொதுத் தமிழில்தான் சொல்லுவார். கதை சொல்லியும் பாத்திரமும் ஒருவரே ஆகிவிடும் தன்வரலாற்றில் இந்த ஏற்பாடு செல்லாது. அப்போது எந்தத் தமிழில் எழுதுவது, எந்தத் தமிழில் வாசிப்பது என்ற கேள்விக்கு வகுப்பறையில் என்னிடம் நல்ல விடை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதில் மாட்டாமல் கைப்பேசியைத் திண்ணையில் வைத்து, உரக்க ஓடவிட்டேன். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். "இது பேசறதில்ல, படிக்கறது" என்றார் முதலில். பிறகு, "ஆனா எழுதுனதும் அந்தப் பொண்ணேதான்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அடுத்தவிய எழுதுனதப் படிக்கறவிய எட்டி நின்னுக்கிட்டுப் படிப்பாங்க. கிராமசபையில தீர்மானம் படிக்கறதில்லியா? அவுங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இது அப்படி இல்ல, நின்னு நின்னு பாத்துட்டுப் போகுது." ஆண்டுதோறும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று பல ஆண்டுக் கிராமசபைகளில், தண்ணீர்க் கணக்குக்காகப் பின்வரிசையில் நின்று தீர்மானம் கேட்ட காது அது. குரல்வாசிப்பைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். வாசிப்பு நிற்கும் இடங்களிலெல்லாம் அவர் "உம்" என்றார். பொருள் புரியவில்லை, ஆனால் மூச்சு விடும் இடம் புரிந்தது. அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடும்போது, முன்பாட்டுக்காரர் ஒரு வரியை முடித்ததும் கூட நிற்பவர் ஆமாம் போட்டு வாங்கிக்கொள்வார்; கேட்கும் கூட்டமும் உம் கொட்டும். உம் கொட்ட ஆளில்லாவிட்டால் கதை நகராது என்பார் தந்தை. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் தங்கியிருந்து அந்தக் கதைப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு அது அச்சிலும் வந்தது. நீண்ட கதையை ஒரு குரலில் தொடர்ந்து பல நாள் கேட்பது நமக்குப் புதிய பழக்கமில்லை. கேட்பவர் உம் என்றாலும் என்னாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் புதிது.

பிரேசர் ராபின்சனின் முடிவைத் தந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1991இல், 55 வயதில் அவர் இறந்தார். மருத்துவமனையில் மகள் கடைசியாகப் பார்க்கப் போனபோது அவரால் பேச முடியவில்லை. மகளின் கையை எடுத்து, புறங்கையில் மறுபடியும் மறுபடியும் முத்தமிட்டார். குரலற்றுப்போன ஒருவரைப் பற்றி அவர் மகளின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பேருந்தில் இருந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். அன்று மாலை, "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்ட தந்தையிடம், பேருந்தில் கூட்டம், கேட்க முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்; அதற்குப் பிறகு அந்தத் தந்தையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

வெள்ளை மாளிகைக்குள் கதை நுழைந்த பிறகு என் ஆர்வம் குறைந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டம் போட்டது, பாதுகாவலர்கள், பயணங்கள், விருந்துகள் என்று போகும் பகுதியில் சொற்கள் கவனமாகக் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இயல்களின் முடிவில் வரும் அறிவுரை வாக்கியங்களை வாசிக்கும்போது, அவரும் என் தந்தை சொன்ன அந்தத் தீர்மானம் படிப்பவர்போல ஓரடி எட்டி நிற்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் அதற்கு முன்னால், பிரின்ஸ்டனுக்கு நீ தகுதியானவளா என்று சந்தேகப்பட்ட பள்ளி ஆலோசகரைப் பற்றிச் சொல்லும்போது, அந்தப் பெண்மணியைப் பற்றிய நினைவைத் தாம் வேண்டுமென்றே அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவர் கடந்துபோகிறார். 1985இல் அங்கேயே பட்டம் பெற்றவர், திரும்பிப் போய் அந்த அம்மையாரை நிறுத்தி வைத்துப் பழி தீர்த்துக்கொள்ளவில்லை. நானோ அந்தப் பேச்சுப் போட்டி நடுவரின் கண்ணாடிச் சட்டம்வரை நினைவில் வைத்திருக்கிறேன்.

புத்தகம் முடிந்த வாரம், எல்லோருக்கும் தோன்றுவது எனக்கும் தோன்றியது. தந்தையின் கதையை அவர் குரலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். கைப்பேசியை அவர் முன்னால் வைத்து, பதிவு ஓடுகிறது, சொல்லுங்கள் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வணக்கம். நான் 1979ஆம் ஆண்டு ஊராட்சியில் பணியில் சேர்ந்தேன். மக்களுக்கு என்னால் இயன்ற சேவையை ஆற்றினேன். அனைவருக்கும் நன்றி" என்றார். நாற்பது நொடிகளில் முடிந்துவிட்டது. எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் வரவில்லை. பணி, சேவை, இயன்ற என்ற சொற்களை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதே இல்லை. கருவியை அணைத்ததும், "அந்த வருசம் மழையே இல்ல கண்ணு. சேந்த மொத வாரமே மோட்டார் காயில் கருகிப்போச்சு. எங்கையிலிருந்த காசப் போட்டு வண்டி வெச்சுத் தண்ணி ஓட்டுனேன்" என்று தொடங்கி, அரை மணி நேரம் பேசினார். மறுபடியும் மெல்லக் கருவியை எடுத்தேன். பார்த்துவிட்டார், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அதோடு பதிவு வேலையை விட்டுவிட்டேன்.

இந்தப் பதிவை எழுதி முடித்துவிட்டு, அவரைப் பற்றி எழுதியிருப்பதால் அவரிடம் கேட்டுவிடுவதே முறை என்று, நேற்று இரவு உண்ட பிறகு திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எழுதிய தமிழை வாசிப்பதற்குக் கூச்சமாக இருந்தது. பல இடங்களில் என்னை அறியாமலேயே பேச்சுக்கு மாற்றிச் சொன்னேன். அவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். நான் பொய் சொன்ன மாலையைப் பற்றிய பகுதியில் மட்டும் உம் வரவில்லை. முடித்ததும், "நல்லாத்தான் இருக்குது. வால்வு நாலில்ல, அஞ்சு" என்றார்.

நான் எண்ணிப் பார்த்தேன். மேற்கு வீதி, கோயில் வீதி, பள்ளிக்கூட வீதி, தெற்கு வீதி. நான்குதான்.

"காலனிக்கு ஒண்ணு இருந்துச்சே, அத உட்டுட்டயே" என்றார்.

அந்தப் பக்கம் அவரோடு நான் போனதே இல்லை. ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்டேன்.

"நீ எந்திரிக்கறதுக்கு முன்னாலயே போயிட்டு வந்துருவேன் கண்ணு. அது கடைசி வால்வு. மத்ததத் தொறந்துட்டு அதத் தொறந்தா வெறுங் காத்துதான் வரும். அதனால நாலு மணிக்கே போயி அத மொதல்லத் தொறந்து உட்டுருவேன். ஊரு எந்திரிக்கறதுக்குள்ள அங்க கொடமெல்லாம் ரொம்பிரும். அதுக்கப்பறம்தான் வந்து உன்ன எழுப்பறது."

"ஊர்ல ஆரும் கேக்கலீங்களாப்பா?"

"கேப்பாங்க. தண்ணி ஏன் இன்னைக்குக் கம்மியா வருதும்பாங்க. மோட்டாரு லேட்டாப் போட்டேன்னு சொல்லிருவேன்."

மேலே நான்கு வால்வுகள் என்று எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.